ஒரு வாரம் தள்ளிப்போன திருவிருந்து

ஜூலை 20, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். எதிர் மலை காணவில்லை.

முதலில் அவமானத்தை எழுதி முடித்துவிடுகிறேன். இன்று ஆலயத்துக்கு ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு போய்விட்டேன். தோளில் ஒரு தையல், விலாவில் இரண்டு, கையில் தொங்கும் நூல். சந்தியில் ‘லேடீஸ் டெய்லர்’ என்று பலகை மாட்டி இருபத்திரண்டு வருடம் தைக்கிறவள்! மூன்று பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் அப்படியே. சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போதுதான் எஸ்தர் அக்கா காதோடு சொன்னாள்: "சமாதானம் ஜெசிந்தா. ஜாக்கெட் மறுபக்கம்."

எஸ்தர் அக்கா மாதர் சங்கத் தலைவி. அவளுடைய புருஷன் சாமுவேல் ஐயா சபைச் செயலாளர். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை. ஒரு காலத்தில் தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று பேர் போட்டவர். இப்போது சபையில் அதே வேலை.

பிரிசில்லா இன்று நன்றாக ஜெபித்தாள். (இனி பி. என்றே எழுதுவேன், கை வலிக்கிறது.) நோட்டன் பிரிட்ஜில் இருக்கிற என் தங்கையின் மகள். இருபத்தேழு வயது. இறையியல் படித்துவிட்டு ஜூன் மாதம் எங்கள் சபைக்கே உதவி ஊழியராக வந்திருக்கிறாள். சபை வீட்டுக் கூரை ஒழுகுகிறது. அதனால் எங்கள் வீட்டில் தங்கல். எங்கள் ஆலயத்தில் பீடத்துக்கு அந்தப் பக்கம் நின்ற முதல் பெண் இவள்தான், பூச்சாடி மாற்றப் போனவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால். ஆறு மாதம் முடிந்ததும் செயலாளர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அது நன்றாக இருந்தால்தான் குருப்பட்டம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ்.

ஜூலை 22, செவ்வாய்

மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

தைக்க வேண்டியவை:
பள்ளிக்கூடச் சட்டை நான்கு.
ரோஸ்மேரிக்கு ஜாக்கெட். (கொழுந்து எடுத்துத் தோள் அகலமாகிவிட்டதாம், பழைய அளவு வேண்டாம் என்கிறாள்.)
சாமுவேல் ஐயாவின் லோங்ஸ், இடுப்பைப் பிரித்துவிட வேண்டும். நான் லேடீஸ் டெய்லர்தான். ஆனால் டவுனில் கொடுத்தால் இடுப்பளவு வெளியே போய்விடுமாம். என்னிடம் கொடுத்தால் போகாதாம். நாற்பத்து நான்கு.
பி.க்கு வெள்ளை அங்கி. ஆகஸ்ட் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன் முடிக்க வேண்டும். இருக்கிற அங்கி ஆறடி ஆணுக்குத் தைத்தது. போன தடவை கிண்ணத்தைப் பிடித்தபோது கை எங்கே, கிண்ணம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஜூலை 24, வியாழன்

எஸ்தர் அக்கா (இனி எ. அக்கா) கடைக்கு வந்தாள். அளவு கொடுக்க என்று சொல்லி, துணி இல்லாமல்.

"ஜெசிந்தா, ஒரு சின்ன விசயம்."

அவள் சின்ன விஷயம் என்றால் நான் மெஷினை நிறுத்திவிடுவேன்.

"பிள்ளைக்கி அந்த நாள் வாறப்ப, திருவிருந்துக் கிண்ணத்தத் தொடாம இருந்தா நல்லது. கமிட்டியில எல்லாருக்கும் அதே எண்ணந்தான். ஆம்பளைங்க எப்பிடி சொல்லுவாங்க? நீ பெரியம்மா. நீ சொல்லு."

"எந்த நாளுக்கா?" வேண்டுமென்றே கேட்டேன்.

"அதான்டி. தூரமா இருக்கிற நாள்."

"எவ்வளவு தூரம்? அக்கரப்பத்தனைக்கா?"

சிரிக்கவில்லை. "தலைவலின்னு சொல்லிட்டு ஒரு ஓரமா ஒக்காந்தா முடிஞ்சது. போன தடவ நடந்தது நடந்துபோச்சு. தெரியாம குடிச்சிட்டோம். ஆண்டவர் மன்னிப்பாரு."

போன தடவை, ஜூலை ஆறாம் திகதி, பி.க்கு அந்த நாள் என்று உனக்கு யார் சொன்னது என்று கத்தினேன்.

"நீதான்."

நான்தான். அடுத்த நாள் அவளுக்கு இடுப்பளவு எடுக்கும்போது சொல்லியிருக்கிறேன். பாவம் பிள்ளை, வயிற்று வலியோடு கடைசி வரை நின்றாள், எப்பேர்ப்பட்ட ஊழியக்காரி பார் என்று பெருமை பேசியிருக்கிறேன். ஊரில் எத்தனையோ பேருடைய இடுப்பளவு என் வாயால் போயிருக்கிறது. இப்போது இது.

"சரிக்கா, சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். அவள் போனால் போதும் என்றிருந்தது. பி.யிடம் சொல்லவில்லை.

பின்னேரம் இவரைக் கேட்டேன். கமிட்டியில் ஏழு ஆண்கள், அதில் என் புருஷனும் ஒருவர். கொழுந்து லொறி ஓட்டுகிறவர். வளைவில் அடிக்கிற ஹோன் சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்த சொல்ல? டீ குடுத்தாங்க, குடிச்சேன்."

ஜூலை 25, வெள்ளி

கடையில் ஆள் இல்லை. கோபத்தில் ஊசி இரண்டு உடைந்தது.

பலிபீடத் துணி தோய்ப்பது யார்? பெண்கள். கிண்ணம் விளக்குவது? பெண்கள். ரொட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டுவது? பெண்கள். திராட்சரசம் காய்ச்சுவது எ. அக்காவே, முப்பது வருடமாக. அப்போதெல்லாம் யாரும் திகதி கேட்டதில்லை. அதே கிண்ணத்தை ஒரு பெண் எல்லோர் முன்னும் தூக்கிப் பிடித்தால் மட்டும் திகதி வேண்டுமாம்.

பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கோடு இருந்த ஒருத்தி, கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் ஆண்டவருடைய உடுப்பின் ஓரத்தைத் தொட்டாள். ஓரம் என்றால் எனக்குத் தெரியும். தெருப் புழுதி முதலில் ஒட்டுகிற இடம், தையல் முதலில் விடுகிற இடம். அவர் திரும்பிப் பார்த்துத் தள்ளி நில் என்றா சொன்னார்? மகளே என்று கூப்பிட்டார். எந்தக் கமிட்டியையும் கேட்கவில்லை.

இந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் பதினெட்டு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "ஒரு நோயாளி அம்மா" என்று சொல்வேன். என்ன நோய் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நல்ல காலம் என்று நானும் அடுத்த கதைக்குப் போய்விடுவேன்.

பி.யிடம் இன்றும் சொல்லவில்லை. நாளைக்கு.

ஜூலை 27, ஞாயிறு

மழை விட்டிருந்தது. விட்டிருக்க வேண்டாம், தகரக் கூரைச் சத்தத்தில் அறிவித்தலாவது கேட்காமல் போயிருக்கும்.

அறிவித்தல் வாசிப்பது உதவி ஊழியரின் வேலை. சாமுவேல் ஐயா கடைசி நேரத்தில் ஒரு காகிதத்தை பி.யின் கையில் கொடுத்தார். அவள் எழுந்து நின்று வாசித்தாள். தவிர்க்க முடியாத காரணங்களினால் ஆகஸ்ட் மூன்றாம் திகதி திருவிருந்து பத்தாம் திகதிக்கு ஒத்திவைக்கப்படுகிறதாம். நாலு சபைக்கும் அப்படியேயாம். (போதகர் ஐயா ஒருவர், சபை நான்கு, அட்டவணை ஒன்று.)

பின்னாலிருந்து யாரோ "கேக்கல மிஸ்" என்றார்கள். பிள்ளை இன்னும் சத்தமாக இரண்டாம் தரம் வாசித்தாள்.

எ. அக்கா என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

வரும் வழியில் பி. கேட்டாள், "ஏன் பெரியம்மா தள்ளி வச்சாங்க? போதகர் ஐயாவுக்கு சொகமில்லையா?"

"தெரியல மகள்."

வீட்டில் இவரைப் பிடித்துக்கொண்டேன். மெல்லச் சொன்னார்.

"ஜூலை ஆறு. இருபத்தெட்டு நாளக் கூட்டினா ஆகஸ்ட் மூணு. சாமுவேல் ஐயா வெரல்லயே கணக்குப் போட்டுட்டாரு."

"நீங்க கை தூக்கினீங்களா?"

"எல்லாரும் தூக்கினாங்க. பிள்ளைய வேணாம்னு சொன்னா அதுக்கு அசிங்கம். அதனால திகதிய மாத்திட்டோம். தன்மையாத்தானே செஞ்சிருக்கு?"

"நாலு சர்ச்சு பலகையில நோட்டீஸ் ஒட்டியா தன்மை?"

புரியவில்லை அவருக்கு. ஏழு ஆண்கள் கூடி, ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்ற அவளுடைய திகதியை நாலு மலைக்கு அறிவித்திருக்கிறார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஜெபத்தோடு முடித்தார்களாம்.

ஜூலை 29, செவ்வாய்

பகல் முழுவதும் பனி மூட்டம். ரோஸ்மேரி மலையிலிருந்து நேராக அளவு கொடுக்க வந்தாள், இடுப்பில் மழைக்குக் கட்டுகிற படங்குச் சாக்கோடு.

"ஏங்க்கா, நம்ம மிஸ்ஸுக்கு மூணாந்திகதியாமே?"

ஊசி விரலில் ஏறியது. யார் சொன்னது என்றேன்.

"காலையில பேர் குடுக்கிற பெரட்டுல அதான் பேச்சு. கொழுந்து நிறுக்கிற எடத்துலயும் அதான். கீழ்ப்பிரிவு சர்ச்சுல நோட்டீஸப் பாத்துட்டு ஒருத்தி ஏன்னு கேட்டிருக்கா. எஸ்தரம்மா யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னாங்களாம்."

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"நான் என்னக்கா சொல்ல? சாமுவேல் ஐயா கணக்கப்பிள்ளையா இருந்தப்ப, அந்த நாளு முடியாம நான் பத்து நிமிசம் பிந்தி மலைக்கிப் போனேன். அரை நாள் சம்பளத்த வெட்டி அரைப்பேர் போட்டாரு மனுசன். தூரமா இருக்கியா, கொழுந்தத் தொடாத, போய்ப் படுன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. கிலோ கொறையுதுன்னு ஏசினாரு. எங்க கைபட்ட தேயிலையத்தானே மூணு நேரமும் குடிக்கிறாரு! அதுல தீட்டு இல்லையாக்கா? ஒருவேள பெக்டரியில வறுத்தா போயிருமோ?"

அளவு நாடா கையில் அப்படியே நின்றது. பதினெட்டு வருட ஞாயிறு பள்ளியில் எனக்கு இது தோன்றவில்லை. மூன்று வகுப்போடு கூடை தூக்கியவளுக்குத் தோன்றியிருக்கிறது.

திரும்பினால் வாசலில் பி. நனைந்த குடையோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. ரோஸ்மேரி அளவு கொடுக்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

"அந்த நோட்டீஸ் எனக்கா பெரியம்மா?"

ஜூலை 31, வியாழன்

எல்லாம் சொல்லிவிட்டேன். என் வாயில் தொடங்கியதையும் சேர்த்து. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழுவின கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"கோவம்கூட வரல பெரியம்மா. நானே வாசிச்சேன் பாருங்க. கேக்கலைன்னதுக்கு ரெண்டாந்தரம் வேற."

பிறகு போதகர் ஐயாவுக்கு போன் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டு. ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை.

"பிள்ளை, உந்த விசயம் எனக்கு ஒண்டும் தெரியாது. செயலாளர் திகதி மாத்தக் கேட்டவர், நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"இப்ப தெரியும்தானே ஐயா?"

"இப்ப தெரியும். ஆனா சபையைக் குழப்பக் கூடாது, என்ன? உம்மடை அறிக்கையும் வரப்போகுது. பத்தாம் திகதி வழமைபோல கிண்ணத்தைப் பிடியும். அதோட விசயம் முடிஞ்சுது."

"அடுத்த மாசம் ஐயா? அதுக்கடுத்த மாசம்?"

"இஞ்ச சிக்னல் சரியில்லைப் பிள்ளை."

சரியாகத்தான் இருந்தது. பின்னால் கிரிக்கெட் வர்ணனை தெளிவாகக் கேட்டது.

பி. சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. "மாசா மாசம் திகதிய எழுதிக் குடுக்கணும் போல பெரியம்மா. மேலான கவனத்துக்குன்னு போட்டு." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு நாலு வருடப் படிப்பு. என் தங்கை தோட்டத்தில் கொழுந்தெடுத்துக் கைக்காசு போட்டுப் படிக்கவைத்த பிள்ளை. எல்லாம் இப்போது ஒரு நாற்பத்து நான்கு அங்குல இடுப்பின் கையில்.

ஆகஸ்ட் 2, சனி

லோங்ஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சாக்காக வைத்து.

"வாம்மா ஜெசிந்தா. சரி பண்ணிட்டியா?"

"ரெண்டு அங்குலம் விட்டிருக்கேங்க" என்றேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. அற்பத்தனம்தான். சந்தோஷமாக இருந்தது.

"பிரிசில்லா விசயம் ஒண்ணு பேசணுங்க ஐயா."

டிவியைக் குறைத்தார். "அதப் பத்தி பொம்பளைங்ககிட்ட பேசுறது எனக்கு சரியில்லம்மா."

"பொம்பளைங்க ஒருத்தர்கூட இல்லாம ஏழு பேரு பேசினீங்களே, அது சரிங்களா?"

"பந்தி பரிசுத்தமானது."

"நாங்க?"

"நீங்களுந்தான். ஆனா..."

காத்திருந்தேன். ஆனாவுக்குப் பிறகு டிவி ரிமோட்டைத்தான் எடுத்தார்.

"அந்த நாள்ல கொழுந்தத் தொட்டா பரவாயில்லைங்களா?" ரோஸ்மேரியிடம் திருடியது. அவள் பேரைச் சொல்லவில்லை. அவளுக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தோட்டம் வேற, சர்ச் வேறம்மா."

"ரெண்டுலயும் நீங்கதானேங்க பேர் போடுறீங்க."

குசினியில் மூடி ஒன்று விழுந்து உருண்டது. எ. அக்கா கதவுக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறாள். சாமுவேல் ஐயாவுக்குக் கோபம் வரவில்லை. லோங்ஸை மெதுவாக மடித்தார்.

"அந்தப் பிள்ளைக்கி நல்ல அறிக்கை எழுதணும்னு எனக்கும் ஆசைதாம்மா. ஊழியக்காரங்களுக்கு தாழ்மை முக்கியம். நீயும் அத மனசுல வச்சிக்க."

இவ்வளவு மெல்லிய குரலில் யாரும் என்னை இதற்கு முன் மிரட்டியதில்லை. ஆனால் பேசினேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். எழுந்து எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார். சீனி போட மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காற்று. ஆலய வாசலில் ஒரு பைனஸ் மரக் கிளை விழுந்து கிடந்தது.

திருவிருந்து இல்லை. பி. வேதபாடம் வாசித்தாள். பாதிப் பேர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மாதர் சங்கத்தில் ஒருத்தி எழுந்து போய் அவளுக்கு நாற்காலி போட்டாள், "ஒக்காருங்க மிஸ், இன்னைக்கு நிக்காதீங்க" என்று. அன்புதான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

வீட்டுக்கு வந்ததும் பி. காதில் சொன்னாள்: "இன்னும் வரல பெரியம்மா."

கணக்கப்பிள்ளையின் கணக்கு பிழை! திரும்பிப் போய் மணியை அடித்து அறிவிக்க வேண்டும் போலிருந்தது. தவிர்க்க முடியாத காரணம் இன்னும் வந்து சேரவில்லை, சபையார் வீடு திரும்பலாம் என்று.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில். உடுப்பு எல்லாம் காய்ந்தது.

அங்கி முடிந்தது. இந்த ஆலயத்தில் ஒரு பெண்ணின் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்துத் தைத்த முதல் அங்கி. உள்ளே இரட்டை லைனிங் வைத்தேன், எந்த ஆண் டெய்லருக்கும் தோன்றாது. போட்டுப் பார்த்தாள். கை தெரிகிறது.

எ. அக்கா நாளைக்கு திராட்சரசம் கொண்டுவருகிறாள். இவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு இருக்கிறார். பி. இன்னும் தள்ளிப்போகிறது என்கிறாள். இந்தக் கவலையில் எது ஒழுங்காக வரும்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலை ஐந்தரை. மழை மறுபடியும். குசினி வாசலில் பி.

"பெரியம்மா, வந்துருச்சி."

"எது?"

பார்த்துக்கொண்டே நின்றாள். புரிந்தது. அடுப்பங்கட்டில் சாய்ந்து இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம். மூன்றாம் திகதி வருமென்று நாலு சபையையும் நகர்த்தி, சரியாக அது வருகிற நாளில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இவர் எட்டிப் பார்த்தார். பெண்கள் சிரிப்பு என்று போய்விட்டார்.

வீட்டில் ஒன்றும் இல்லை. எனக்கு நின்று இரண்டு வருடம். சந்திக் கடையைத் தட்டித் திறக்கவைத்தேன். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு, பத்திரிகையில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கொடுத்தார். கள்ளக் கசிப்புப் போத்தலைக்கூட இவ்வளவு பத்திரமாகச் சுற்ற மாட்டார்கள்.

திரும்பி வந்தால் பி. அங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு போய்விட்டது.

"தலைவலின்னு சொல்லட்டுமா பெரியம்மா? இன்னைக்கு மட்டும். தெரிஞ்சிட்டா அறிக்கை போச்சு."

"சொல்லாத. இன்னைக்கு சொன்னா ஆயுசுக்கும் சொல்லணும். போய் நில்லு. நான் இருக்கேன்."

போய் நின்றாள்.

போதகர் ஐயா ரொட்டி கொடுத்தார், பி. பின்னால் கிண்ணத்தோடு. சாமுவேல் ஐயா முதல் ஆள். புது இடுப்போடு சுகமாக முழங்காலிட்டார். "கிறிஸ்துவின் இரத்தம்" என்றாள். முதல் தரம் மெல்ல, பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி. அவர் நன்றாக ஒரு மிடறு குடித்தார். எ. அக்கா குடித்தாள். இவர் குடித்துவிட்டுச் சத்தமாக ஆமென் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து ஆலயத்தில் அவருடைய குரல் கேட்டதில்லை. ரோஸ்மேரி குடித்தாள். வானம் இடியவில்லை. ஒவ்வொரு தரமும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்துத் துடைத்து, வரிசை முடிந்து, கடைசியாக என்னிடம் வந்தாள். கண்ணில் காலைச் சிரிப்பு.

"கிறிஸ்துவின் இரத்தம்."

இன்று எந்த நாள் என்று அந்த வரிசையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆமென் என்றேன். கிண்ணத்தை உதட்டில் வைத்துச் சாய்த்தேன். குடிக்கவில்லை.